நைல் கரையில் நடந்தவர்கள், களனிக் கரையில் நடக்காதவர்கள்

கெய்ரோவுக்குச் சென்று திரும்பிய நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். மாலை வெயிலில் நைல் கரையோரம் நடந்ததும், கான் அல்-கலீலிக் கடைத்தெருவின் சந்துகளில் வழி தவறியதும் அதில் வரும். பெரும்பாலும் அதுவே கட்டுரையின் நல்ல பத்தியாகவும் இருக்கும். பிரமிட்டுகளைப் பற்றி எழுதும்போது எல்லோரும் வழிகாட்டி நூலையே திருப்பி எழுதுகிறார்கள். கால் நடந்த இடத்தில்தான் ஊர் எழுத்துக்குள் வருகிறது.

அதே நண்பர்கள் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்புக்கு வருகிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து நேரே வெள்ளவத்தை. மறுநாள் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீடு, கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோவில். இடைப்பட்ட நகரம் முச்சக்கர வண்டியின் பக்கவாட்டில் ஓடி மறைந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். தமிழரின் கொழும்பு, 155ஆம் இலக்க பஸ்ஸின் இரண்டு தரிப்பிடங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 1983 யூலைக்குப் பிறகு இந்த நகரத்தில் காரணமின்றி நடப்பது தமிழருக்கு ஆபத்தான காரியமாயிற்று. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு என்று கால் நூற்றாண்டு கழிந்தது. எங்கே போகிறாய் என்று கேட்பவரிடம், சும்மா நடக்கிறேன் என்பது ஒப்புக்கொள்ளத்தக்க பதிலாக இருக்கவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த ஆண்டுகளில் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே மிகக் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுத்தது விவேகமே. போர் 2009இல் முடிந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் சில காலம் கெடுபிடி மீண்டதைத் தவிர்த்தால், சாவடிகள் போய்விட்டன. கால்கள் மட்டும் பழைய பாதையை விடவில்லை. மரைன் டிரைவில் மாலைதோறும் நடக்கும் கூட்டத்தை எனக்கு எதிர்வாதமாகக் காட்டுவார்கள். அது மருத்துவர் சொன்ன நடை. ஊர் பார்க்கும் நடை வேறு.

நடக்க விரும்புவோர் களுபோவிலயில் தொடங்கலாம் என்பது என் யோசனை. பெரிய வைத்தியசாலைக்காக மட்டுமே பலர் அறிந்த ஊர் அது. அதன் பக்கமாகத் தெஹிவளைக் கால்வாய் கடலை நோக்கிச் செல்கிறது. பாமன்கடையைத் தாண்டி, சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயர் தாங்கிய மாவத்தை வழியே வந்தால் வெள்ளவத்தை. அங்கே காலி வீதியையும் ரயில் பாதையையும் கடந்து இன்னொரு கால்வாய் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய துணி ஆலைகளுள் ஒன்றான வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை அதன் அருகில்தான் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே உழைத்தனர். தொடர்மாடிகளின் வெள்ளவத்தைக்கு முன்னே ஆலைச் சங்கின் வெள்ளவத்தை ஒன்று இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தக் கால்வாயை உள்நோக்கிப் பின்தொடர்ந்தால் கிருலப்பனை, பின் சதுப்பு நிலங்கள், பின் தெமட்டகொடை, கடைசியில் வடக்கே களனி கங்கை. வெள்ளவத்தையையும் வட கொழும்பையும் பஸ் இணைப்பதற்கு நெடுங்காலம் முன்பே நீர் இணைத்திருக்கிறது. சில இடங்களில் கரையோர நடைபாதை உண்டு. சில இடங்களில் குப்பையும் நாற்றமும்தான். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம் இது. ஆனால் 2010 நவம்பரில் ஓர் இரவு மழைக்கு நாடாளுமன்ற வளாகமே நீரில் நின்றது. மழைநீரைத் தாங்கிவைக்கும் சதுப்பை நிரப்பி வீடும் வீதியும் கட்டினால் நீர் வேறெங்கே போகும்? கெய்ரோவிலும் நகரின் நடுவே ஓடிய கலீஜ் கால்வாயை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் மூடி, மேலே ட்ராம் ஓட்டினார்கள்.

கெய்ரோவை வலிந்து இழுப்பதாக எண்ண வேண்டாம். மருதானைப் பக்கம் ஒராபி பாஷா வீதி என்று ஒன்று இருக்கிறது. 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் அஹமத் அரபி பாஷா, மறு ஆண்டு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். 1892இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரியின் பிறப்பில் அவருக்கும் பங்குண்டு. பஸ்ஸில் போகிறவருக்கு அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் படுவதில்லை.

மருதானையிலிருந்து வடக்கே நடந்தால் கிராண்ட்பாஸ். களனியைக் கடக்கும் துறை இருந்ததால் வந்த பெயர். 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை, படகுகளை வரிசையாகப் பிணைத்த பாலத்தின் மீதுதான் வண்டிகள் ஆற்றைக் கடந்தன. வீரகேசரி அச்சான வீதியும் இதுவே. நாகலகம் வீதியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கம்பம் நிற்கிறது. வெள்ளக் காலத்தில் அதன் அளவைச் செய்தியில் போடாத பத்திரிகை இல்லை. போட்ட நம்மில் எத்தனை பேர் அந்தக் கம்பத்தைப் பார்த்திருப்போம்! 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி பெருகியபோதும், ஆற்றங்கரைத் தோட்டங்களின் மக்களுக்கு அந்த எண் தலையங்கமல்ல, மூட்டை கட்டும் நேரம். அவர்களில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்து பேசும் நாம், கொழும்புத் தமிழர் என்று சொல்லும்போது அவர்களை எண்ணுவதில்லை.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரம். ஆறு கடலில் விழும் இடம் என்பதைத் தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

முழு வழியையும் ஒரே நாளில் நடக்க முயல வேண்டாம். கொழும்பு வெயில் அதற்கு இடம்தராது. களுபோவிலயிலிருந்து வெள்ளவத்தைக் கடல்வாய் வரை ஒரு காலை, மருதானையிலிருந்து முகத்துவாரம் வரை இன்னொரு காலை. ஆறு மணிக்கே புறப்பட்டுவிட்டால் நல்லது. நடைபாதைகளைக் கடைகளும் மோட்டார் சைக்கிள்களும் பிடித்துக்கொள்ளுமுன் கிராண்ட்பாஸ் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.