செத்த பிறகு வருகிற தர்மம்

2024 ஜூனில் எங்கள் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்களும் பிள்ளைகளும் வேறு எங்கே போவார்கள்? ஆனால், புருஷன் உயிரோடு குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவர்களுடைய கதவைத் தட்டியது யார் என்று கேட்கிறேன்.

"குடிகாரனுக்குத் தர்மம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது, சார்!" என்றார் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெரியவர். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கிறவர்தான்.

ஐயா, குடிகாரன் என்ன தனிமரமா? விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வாங்கிய கூலியை அவன் தொலைத்துவிட்டு வருகிறபோது வீட்டில் உலை வைக்காமல் காத்திருக்கிறவள் குடிக்கவில்லையே! அவள் என்ன செய்வாள்? கோயிலில் கயிறு கட்டி, ஒரே நாளில் நிறுத்தச் சொல்லுவாள். பல வருஷம் மிதமிஞ்சிக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், பிதற்றுவான். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போவதும் உண்டு. இல்லையென்றால் நோட்டீசைப் பார்த்து, இன்னதென்று தெரியாத பொடியை வாங்கி அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பாள். வேறு வழி சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

சொன்ன ஒருவர் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையம் கண்டார். அங்கே மனைவிக்கும் சிகிச்சை உண்டு. அவன் குடிப்பது உன் குற்றமல்ல, அவன் கடனை நீ அடைக்காதே, அவனுக்காகப் பொய் சொல்லாதே என்று அவளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இது கேட்பதற்குச் சின்ன விஷயம், அவளுக்கோ மறுபிறவி. அந்த நிலையத்தார் பிற்பாடு திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடிக்கே போய், ஊருக்குள் முகாம் போட்டும் வைத்தியம் பார்த்தார்கள்.

அதைத்தான் நான் கேட்கிறேன். இப்போது அரசு ஆஸ்பத்திரிகளிலும் மீட்பு மையங்கள் உண்டு, சரி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, திமிறுகிறவனைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோவது யார்? 2003 முதல் சில்லறை மது விற்பது அரசின் டாஸ்மாக். விற்ற காசு கஜானாவுக்கு, மீட்கிற செலவு தர்மவான்களுக்கு என்பது எந்த ஊர் நியாயம்? கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் வருஷம் ஒரு முகாம், மனைவி மக்களோடு 15 நாள் நடக்கட்டும். டாக்டருக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற செலவை டாஸ்மாக் கணக்கில் எழுதுங்கள்.