பதவி உயர்வைக் கொண்டாட வீடு தயாரா?

பொதுத்துறை வங்கிகளில், எழுத்தர்கள் அதிகாரியாவதற்கான தேர்வு அறிவிப்பு வந்ததும் ஆண்கள் பழைய வினாத்தாள்களைத் தேடத் தொடங்குவார்கள். பக்கத்து இருக்கைப் பெண்களோ சுற்றறிக்கையை ஒருமுறை படித்து மூடிவைத்துவிடுவார்கள். பல கிளைகளில் அந்த ஆண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே இந்தப் பெண்கள்தான். தகுதிக்கும் குறைவில்லை. ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்னும் வங்கியியல் தேர்வுகளில் தேறினால் கூடுதல் இன்கிரிமென்ட் உண்டு என்பதால், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து படித்துத் தேறியவர்கள் அவர்களில் ஏராளம். ஆனால், அதிகாரி என்றால் டிரான்ஸ்ஃபர் வரும். அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் கவுன்ட்டரிலேயே ஓய்வுபெறுகிறார்கள்.

என் மனைவியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கவுன்ட்டரில் இருந்தவர்தான். மகன் கல்லூரிக்குப் போய், மகள் பிளஸ் டூவும் முடித்த பிறகு தேர்வு எழுதினார். இப்போது, அதிகாரிகளில் முதல் படியான ஸ்கேல் ஒன் அதிகாரி. தஞ்சாவூரிலிருந்து தருமபுரி மாவட்டத்துக் கிளை ஒன்றுக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடிபடாத சந்தோஷம். தெரு முழுக்க இனிப்பு கொடுத்தேன்.

வங்கியின் பணப்பெட்டகத்தை ஒருவர் மட்டும் திறந்துவிட முடியாது. ஒரு சாவி காசாளரிடம் இருக்கும், இன்னொன்று அதிகாரியிடம். மாலையில் நோட்டுக் கட்டுகளை எண்ணி, கணக்கைச் சரிபார்த்து, இருவரும் சேர்ந்து பூட்ட வேண்டும். இத்தனை காலம் காசாளர் சாவியைத் திருப்பிய கை இப்போது அதிகாரி சாவியைத் திருப்புகிறது. கணக்கில் நூறு ரூபாய் உதைத்தாலும் இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “இன்னைக்கு நகைக்கடன் பாக்கெட்ட எல்லாம் நானே சரிபாத்து உள்ள வச்சேங்க” என்று முதல் வாரத்தில் ஒருநாள் இரவு போனில் சொன்னார். களைப்பு தெரிந்தது. அதைவிட, அவர் குரலில் இதுவரை நான் கேட்டிராத ஓர் உறுதி தெரிந்தது.

உறவினர்கள் வாழ்த்தினார்கள். வாழ்த்திய கையோடு கேட்டார்கள்: “இந்த வயசுல அவளுக்கு எதுக்குத் தம்பி இந்த அலைச்சல்? நீங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?” அன்பில் கேட்டதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், நான் பதவி உயர்வில் வெளியூர் போனபோது என் மனைவியிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவர் வீட்டையும் பிள்ளைகளையும் வேலையையும் பார்த்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. என் பணியில் நான் ஏறிய ஒவ்வொரு படிக்கும் அவர் எழுதாமல் விட்ட தேர்வுகள் விலையாகியிருக்கின்றன. ஆகவே, அவருடைய உயர்வை நான் கொண்டாடுவதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். அது அவருக்குச் சேர வேண்டிய பாக்கி.

இது எங்கள் ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அதிலும், அப்படி ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 27 பேர்தான். பெண்கள் 81 பேருக்கு மேல். இருவரும் செலவிடும் நேரத்துக்கு இடையிலான, மூன்றேகால் மணிக்கும் சற்று அதிகமான இடைவெளியில்தான் ஒரு பதவி உயர்வுத் தேர்வுக்கான படிப்பு காணாமல்போகிறது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்கத் தரவுகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளர வளரத் தாய்மார்கள் வேலை நேரத்தைக் கூட்டுகிறார்கள். தாய்மையால் ஏற்பட்ட வருமான இழப்பும் குறைகிறது. ஆனாலும், தந்தையரை அவர்கள் எட்டிப்பிடிப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தந்தையர் மேலும் முன்னே போய்விடுகிறார்கள். நம் வங்கிகளிலும், நாற்பத்தாறு வயதில் ஸ்கேல் ஒன் ஆகும் ஒரு பெண், தன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆண் முதுநிலை மேலாளராக இருப்பதைப் பார்க்கிறார். தாமதமாக வந்த உயர்வைக் கொண்டாடும்போது இந்தத் தாமதத்தையும் பேசியாக வேண்டும்.

சட்டங்களும் விதிகளும் அம்மாவைத்தான் பார்க்கின்றன. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு 730 நாட்கள் வரை உண்டு. மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் போன்ற தனித்து வாழும் ஆண்களுக்கும் உண்டு. மனைவியோடு வாழும் அப்பாவுக்கோ குழந்தை பிறக்கும்போது கிடைக்கும் 15 நாட்கள் மட்டும்தான். வங்கிகளில், மணமான பெண்களைக் கூடுமானவரை கணவர் பணியாற்றும் ஊரிலோ அதற்கு அருகிலோ அமர்த்தும்படி 2014 ஆகஸ்டில் நிதிச் சேவைகள் துறை அறிவுறுத்தியது. பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, குடும்பத்தைக் கவனிக்க இரண்டாண்டு வரை விடுப்பெடுத்துத் திரும்பும் வசதியைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். இவற்றால் வேலையை விடாமல் தப்பித்த பெண்கள் உண்டு. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால், கணவன் இருக்கும் ஊரே குடும்பத்தின் ஊர், பிள்ளை வளர்ப்பு மனைவியின் விடுப்புக் கணக்கு என்ற எண்ணத்தை இவை அசைக்கவில்லை.

அந்த எண்ணத்தை மீறிய குடும்பங்களும் உண்டு. காவல் அதிகாரி என். அம்பிகாவின் கதை தமிழகத்தில் பலருக்குத் தெரியும். சிறுவயதிலேயே மணமாகி, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, ஐ.பி.எஸ். ஆனவர். அவர் சென்னையில் தங்கிப் படித்தபோது, திண்டுக்கல்லில் காவலராக இருந்த கணவர் வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அம்பிகாவைப் பற்றிய செய்திகளில் இது ஒரு வரியாகத்தான் வரும். அந்த வரியை விரித்து எழுத வேண்டும் என்பது என் ஆசை. கணவரைப் புகழ்வதற்காக அல்ல. காலையில் பெண் குழந்தைகளுக்குத் தலை பின்னியது யார், இரவு டியூட்டி நாளில் வீட்டில் யார் இருந்தார்கள் என்பது தெரிந்தால், அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு வழி கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது மாவு அரைப்பதும், என் மாமனாருக்கு வேளைக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பதும், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைவதும் என் பொறுப்பு. ‘உதவி’ என்று இதை நான் சொல்வதில்லை. தருமபுரியிலிருந்து அவர் போன் செய்யும்போது வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. அன்றைய கிளைக் கதையைத்தான் அவர் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் பொன்னாடைப் படம் போடுவது எளிது. கொண்டாட்டம் என்று நான் நம்புவது வீட்டுப் பொறுப்பை இப்படி ஏற்பதைத்தான்.

பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும்படி அரசு மாற்ற வேண்டும். தகுதி இருந்தும் எத்தனை பெண்கள் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். இவை நடக்க நாளாகும். வங்கி ஊழியரின் கணவராக இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்னவென்று உங்கள் மனைவியிடம் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்.