தொப்புளில் காசு கட்டும் வைத்தியம்

தொப்புள் பிதுக்கம் உள்ளவர்களில் சிலருக்கு அதைச் சுற்றிய தோல் சிவந்து, அரித்து, புண்ணாகி நீர் கசிவதும், பத்து நாளில் ஆறிய புண் மறுமாதமே திரும்பி வருவதும் உண்டு. ஏன் திரும்பி வருகிறதென்றால், கண்ணேறு என்பார் ஒருவர். குலதெய்வத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் பாக்கி என்பார் மற்றொருவர். சரி, அந்தத் தெய்வம் தொப்புள் மடிப்பில் வந்து கடன் கேட்பானேன்? உள்ளங்கையில் ஏன் கேட்பதில்லை? மடிப்பில்தான் வேர்வை தேங்குகிறது; தோலோடு தோல் உராய்கிறது; காற்றுப் படுவதில்லை. கேண்டிடா என்னும் பூஞ்சைக்கும் மற்றக் கிருமிகளுக்கும் இதைவிட வசதியான குடியிருப்பு ஏது? சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டியதில்லை.

இதற்கு நம்மவர்கள் செய்வதென்ன? விபூதியை அப்புவது, மந்திரித்த கயிறு கட்டுவது, காசை வைத்துப் பிதுக்கத்தை அமுக்கி இறுகக் கட்டுவது. குழந்தைக்கும் அதே காசுதான். குழந்தைகளின் பிதுக்கம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பெருமை மட்டும் காசுக்குப் போய்ச் சேருகிறது! பெரியவர்களுக்கோ அது தானே மூடுவதில்லை. காசின் அடியில் தோல் வெந்து புண்ணாவதுதான் கண்ட பலன்.

நிற்க. காசைக் கண்டு சிரிக்கிற படித்தவர்கள், மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சையோ சாகாமல் பரவும், தோலும் மெலியும். 2018-ல் இவ்வகைக் களிம்புகளில் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று இந்திய அரசாங்கம் விதித்தது. சீட்டில்லாமல் களிம்பு வாங்குகிறவருக்குக் கயிறு கட்டுகிறவரைப் பரிகசிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

செய்யவேண்டியது சொற்பமே. தினமும் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, மடிப்பை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். டாக்டர் பார்த்துப் பூஞ்சைதான் என்றால் க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பை, அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல், அவர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும். வேறு கிருமியென்றால் மருந்தும் வேறு. ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் பிதுக்கமும் மடிப்பும் உள்ளவரை புண் திரும்பலாம். ஆகவே ஆபரேஷன் செய்து துவாரத்தை மூடலாமா என்று கேட்பதே புத்தி. ஆனால் தோல் ஆறிய பிறகே அதைச் செய்வார்கள். ஏனெனில் உள்ளே வைக்கும் வலையில் கிருமி பற்றினால் அது பெருந்தொல்லை. புண்ணை அலட்சியம் செய்கிறவர் ஆபரேஷனையும் தள்ளிப்போடுகிறார்.

பிதுக்கம் கெட்டியாகி, அமுக்கினாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் கண்டு, மேல்தோல் கறுத்தால் மட்டும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. குறி கேட்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும்.