ரெண்டு பிள்ளைக்குத் தாய் டாக்டருக்குப் படிச்சா என்ன தப்பு?

இன்னைக்கு விவசாயத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு வேற ஒண்ணு பேசணும்.

எங்க ஊர்ல ஒரு பொண்ணு, பக்கத்து டவுன்ல தனியார் ஆஸ்பத்திரியில நர்சு. வயசு 33, ரெண்டு பிள்ளைங்க. அரசுப் பள்ளியில சயின்ஸ் குரூப் எடுத்து நல்லாப் படிச்ச பிள்ளை. சீக்கிரம் சம்பாதிக்கணும்னு அன்னைக்கு நர்சிங் சேர்த்துவிட்டாங்க. இப்போ நீட் எழுதப்போறேன்னு புத்தகத்தை எடுத்திருக்கு. டீக்கடையில ஒரே சிரிப்பு. "கல்யாணம் ஆகி பிள்ளை பெத்த பொறவு டாக்டராம்!"

சிரிக்கிறவங்களுக்குச் சொல்றேன். நீட் எழுத 25 வயசு, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30ன்னு ஒரு உச்ச வரம்பு இருந்துச்சு. அதைத் தேசிய மருத்துவ ஆணையமே 2022ல எடுத்துடுச்சு. விதியில இல்லாத வயசு நம்ம ஊர் வாயில மட்டும் ஏன் இருக்கணும்?

கணக்குப் போட்டுப் பாருங்க. படிப்பு நாலரை வருஷம், பயிற்சி ஒரு வருஷம். 35ல சேர்ந்தாலும் 41க்குள்ள டாக்டர். 60 வயசு வரைக்கும் பார்த்தாக்கூட இருபது வருஷ வேலை இருக்கு. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அறுபது வயசுக்காரர் கன்னு வெச்சா, "இப்ப எதுக்கு?"ன்னு நாம கேக்கறோமா?

எங்க பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற இளம் டாக்டருங்க கொஞ்ச நாள்ல மேற்படிப்புக்குப் போயிடறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, அவங்க வயசு அப்படி. ஆனா வீடும் பிள்ளைகளும் இங்கேயே இருக்கிற ஒருத்தர் படிச்சு வந்தா, ஊர்லயே தங்குவாங்கன்னு நம்பலாம். தலை சுத்துதுன்னு வந்து நிக்கிற ஆளுகிட்ட, "வயலுக்கு என்ன மருந்து அடிச்சே?"ன்னு முதல்ல கேக்க அந்தப் பொண்ணுக்குத் தெரியும்.

இதுக்கு எதிர்ப்பேச்சு ஒண்ணு இருக்கு, அது நியாயமானதுதான். சின்னப் பிள்ளைங்க சீட்டு போகுதேன்னு கேப்பாங்க. தருமபுரி மாவட்டத்துல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர், 61 வயசு, 2022ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக் கவுன்சிலிங் வரைக்கும் வந்தார். இளைய பிள்ளைங்களுக்கு வழிவிடறேன்னு விலகிக்கிட்டார்னு பேப்பர்ல வந்துச்சு. அவருக்குப் பெரிய மனசு, கையெடுத்துக் கும்பிடணும். ஆனா 61 வேற, 33 வேற. அவரைக் காட்டி இந்தப் பொண்ணை உட்காரச் சொல்றது சரியில்ல. இதுவும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைதான். இது படிச்ச காலத்துல அந்த ஒதுக்கீடே கிடையாது, 2020லதான் வந்துச்சு.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கச் சொல்லல. 720 மார்க்குல உயிரியல் பாதி, அது நர்சு வேலைக்குக் கொஞ்சம் பழக்கம். மீதிப் பாதி இயற்பியலும் வேதியியலும். பள்ளிக்கூடத்தை விட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு. தப்பா எழுதினா ஒரு மார்க் குறைப்பான். சீட்டு கெடச்சாலும் பயிற்சிக் காலம் வர்ற வரைக்கும் சம்பளம்னு ஒரு ரூபாய் கிடையாது. வீட்டுக்காரருக்கு இருக்கிறது ரெண்டு ஏக்கர்.

அதனால என் யோசனை இதுதான். ரெண்டு தடவை எழுதட்டும். அரசு சீட்டு கெடச்சாப் போகட்டும். நிலத்தை வித்துத் தனியார் கல்லூரியில சேர வேண்டாம், அந்த ரெண்டு ஏக்கர்தான் பிள்ளைகளுக்குச் சோறு. கெடைக்கலைன்னா நர்சு வேலை இருக்கவே இருக்கு, அதுவும் ஒண்ணும் குறைஞ்ச வேலை இல்ல.

மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கணும், வீட்டுக்காரர் அடுப்படியில கொஞ்சம் கை குடுக்கணும். ஊர்க்காரங்க நாம பணமா தரப்போறோம்? ராத்திரி ஒரு மணிக்கு அந்த வீட்டுல லைட்டு எரிஞ்சா, ஏன்னு கேக்காம போனாப் போதும்.