‘ஆடியது போதும்’ என்று சொல்ல நாம் யார்?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் மொழி. அதில் குற்றம் காண யாராலும் இயலாது. ஆனால் யார் யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அது அறிவுரையாகவும் இருக்கலாம். பிலாத்து கை கழுவிய தண்ணீராகவும் இருக்கலாம். இதய நோயால் ஆட்டத்தை விடும்படி மருத்துவர் கட்டளையிட்ட இளம் கால்பந்து வீரனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் நாம் இந்தப் பழமொழியைத்தான் எடுத்து விடுகிறோம். நானும் எடுத்து விட்டவன்தான். அதனாலேயே எழுதுகிறேன்.

பஞ்சாபின் ஆதம்பூரில் 2000ஆம் ஆண்டு பிறந்தவர் அன்வர் அலி. 2017இல் இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நாட்டுக்காக ஆடியவர். மறு ஆண்டு ஸ்பெயினில் நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டீனாவை 2-1 என வென்றபோது, வெற்றிக் கோலை அடித்தவர் அவர். 2019இல் அவருடைய இதயத் தசை இயல்பைவிடத் தடித்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய மரபுவழிக் குறை இது. பலர் அதை அறியாமலே முதுமை எய்துகின்றனர். சிலருக்கோ, ஓட்டத்தின் உச்சத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி இதயம் தடுமாறி நின்று விடுகிறது. 2020இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆட வேண்டாம் என்றது. இருபது வயது இளைஞர் டில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினார். கால்பந்தே தம் பிழைப்பு என்றார். 2021இல் மீண்டும் களமிறங்கினார். 2022 மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிராக இந்திய மூத்தோர் அணியிலும் ஆடினார்.

அவர் செய்தது சரியா? என்னைக் கேட்டால், நான் அவருடைய தந்தையாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். ஆனால் தந்தையின் கண்ணீர் வேறு, சம்மேளனத்தின் கடிதம் வேறு. கடிதம் ‘ஆடாதே’ என்றது. நாளைக்கு அடுப்பில் உலை எப்படி வைப்பது என்று ஒரு சொல்லாவது சொல்லியிருந்தால், நீதிமன்றத்துக்கு அந்த இளைஞர் போயிருப்பாரா?

நம் ஆண்டிபட்டிக்கு வருவோம். சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிக்குழியில் அமர்ந்து இழை பார்த்தே கண் மங்கிய நெசவாளரை நாம் அறிவோம். கண் மருத்துவர் ‘இனித் தறியில் உட்காராதே’ என்றால், ‘சுவர் முக்கியம் ஐயா’ என்று அவரிடம் சொல்ல நமக்கு நாக்கு எழுமா? கூலிக்கு என்ன செய்வார் என்றுதான் முதலில் கேட்போம். பந்தாட்டக்காரனிடம் மட்டும் அதைக் கேட்பதில்லை. அவன் செய்வது விளையாட்டு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. காவல்துறைச் சீருடையோ, இரயில்வே வேலையோ கிடைத்து விடாதா என்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைக்குப் பந்து சோறு, தங்கையின் திருமணம், வீட்டுக் கடன்.

ஆட்டத்தை விட்டவர் ஒருவரையும் பார்ப்போம். காங்கோ நாட்டிலிருந்து பதினொரு வயதில் இங்கிலாந்துக்கு வந்த அகதியின் மகன் ஃபாப்ரிஸ் முவாம்பா. 2012 மார்ச் 17 அன்று இலண்டனில் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தார். இதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை. 15 முறை மின்னதிர்ச்சி கொடுத்தனர். பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடி வந்து துணை நின்றார். அவருக்காகச் செபிக்கும்படி நாளிதழ்களே முதற்பக்கத்தில் வேண்டின. அதே ஆகஸ்டில், 24ஆம் வயதில், முவாம்பா ஓய்வை அறிவித்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விளையாட்டு இதழியலில் பட்டம் பெற்றார். ‘போதும்’ என்று சொல்ல அவரால் முடிந்தது, அவருக்குக் கீழே தரை இருந்ததால்.

முவாம்பா விழுந்த சில நாள்களில் பெங்களூரிலும் ஓர் இளைஞர் உள்ளூர்ப் போட்டியில் விழுந்தார். மைதானத்தில் மருத்துவ வாகனம் இல்லை. ஆட்டோவில் ஏற்றிச் சென்றனர். அவர் பிழைக்கவில்லை. அதே நகரில், 2004 டிசம்பர் 5 அன்று, ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசில் வீரர் கிறிஸ்தியானோ ஜூனியர் கோல் அடித்த கணத்திலேயே கோல் காப்பாளருடன் மோதி விழுந்து இறந்திருந்தார். அதற்குப் பிறகு ஏழாண்டுகள் கழித்தும் ஆட்டோதான் வந்தது என்பதை என்னவென்று சொல்வது!

பிறரைச் சொல்வானேன்? நம் பங்குகளில் திருவிழாவையொட்டி நடக்கும் பந்தாட்டப் போட்டிகளைப் பாருங்கள். பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் நான் கண்ட ஒன்று. உச்சி வெயிலில் மூன்றாவது ஆட்டம் ஆடிய பையன் பந்தருகில் யாருமே இல்லாதபோது விழுந்தான். முகத்தில் சோடா தெளித்தனர். கையில் சாவிக்கொத்தைத் திணித்தனர். இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே தலை தொங்க உட்கார வைத்து, க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைந்தனர். மாதா காப்பாற்றினார் என்று ஒலிபெருக்கியில் நன்றி கூறி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினோம். மாதா காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதயம் நின்ற பின் மின்னதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தின்று விடும் என்கிறது மருத்துவம். அன்று அவன் வெயிலால் மயங்கியிருந்தான், இதயம் நிற்கவில்லை. நின்றிருந்தால், க.விலக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சரவிளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் நாம் செலவிட்ட தொகையில் ஒரு மருத்துவ வாகனம் மூன்று நாளும் மைதான ஓரத்தில் நின்றிருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் என்னை உறுத்துகிறது. களத்தில் இறந்தவனை ‘ஆட்டத்துக்காக உயிரைக் கொடுத்த தியாகி’ என்கிறோம். மேடைப் பேச்சில் ‘மறைசாட்சி போல’ என்றும் கேட்டிருக்கிறேன். மறைசாட்சி இறைவனுக்காக இறக்கிறார். இவன் யாருக்காக இறந்தான்? நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்காகவா? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு உடலின் வாழ்வை மதிக்கச் சொல்கிறது. அதையே முழுமுதற் பொருளாக்க மறுக்கிறது. விளையாட்டு வெற்றியைச் சிலையாக்கி வழிபடுவதையும் கண்டிக்கிறது. சிலை வழிபாட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று இறுமாந்திருக்கும் நாம், கோப்பையைப் பீடத்தருகே வைத்து மந்திரிக்கும் போது சற்று யோசிக்கலாம்.

மறுப்பு ஒன்று எழும்: ‘அப்படியானால் அவனைச் சாக விடலாம் என்கிறீரா?’ இல்லை. இத்தாலியில் போட்டிகளில் பங்குபெறும் வீரர் அனைவருக்கும் இதயப் பரிசோதனையை 1982 முதல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் பின் வெனெத்தோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லா நாட்டுக்கும் இது பொருந்துமா என மருத்துவர்கள் இன்றும் வாதிடுகின்றனர், வாதிடட்டும். 2021இல் களத்தில் விழுந்து பிழைத்த டென்மார்க் வீரர் எரிக்சன், மார்பில் கருவி பொருத்தியபின் இத்தாலியில் ஆட முடியாமல் இங்கிலாந்துக்குப் போனார். கண்டிப்பான சட்டம்தான். ஆனால் அந்தக் கண்டிப்பு பரிசோதனையில் தொடங்குகிறது. அதற்குச் செலவும் செய்கிறது. நம் கண்டிப்போ பழமொழியில் தொடங்கிப் பழமொழியிலேயே முடிகிறது.

அன்வர் அலியின் பெயர் 2024இல் மீண்டும் வழக்கில் அடிபட்டது. இம்முறை இதயத்தைப் பற்றியல்ல. கொல்கத்தாவின் இரண்டு பெரிய சங்கங்கள் அவர் யாருக்குச் சொந்தம் என்று மல்லுக்கு நின்றன. அவருக்கு நான்கு மாதத் தடை. அவரும் அவர் பக்கத்துச் சங்கங்களும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது சம்மேளனக் குழு. அந்த ஆணை டில்லி உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. நான்கே ஆண்டுகளுக்கு முன் அந்த இளைஞரின் பிழைப்புக்கு வழி சொல்ல எவரிடமும் ஒன்றும் இல்லை என்பதை நினைத்துக் கொண்டேன்.

இவ்வாண்டுத் திருவிழாப் போட்டிக்கு நன்கொடை கேட்டு இளைஞர்கள் வந்தனர். இரசீதில் ‘கோப்பைக்காக’ என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, ‘மருத்துவ வாகனத்துக்கும் ஆடுவோரின் இதயப் பரிசோதனைக்கும்’ என்று எழுதித் தந்தேன். இரவு ஒருவன் திரும்பி வந்தான். ‘ஐயா, உங்க பேரை எந்தக் கோப்பையில போடறது?’ என்றான்.