கையால் வரைந்த வாழ்த்து

பொங்கல் திருநாள் அணுகுந்தோறும் நம் இல்லங்களில் வாழ்த்துக்கள் வந்து குவிகின்றன. கைப்பேசியைத் திறந்தால் நூறு பானைகள் பொங்குகின்றன. நூறு கரும்புகள் நிற்கின்றன. ஒருவர் அனுப்பியதையே ஒன்பதின்மர் அனுப்புகின்றனர். எது யாரிடமிருந்து வந்தது என்பது மறுநாள் நம் நினைவில் இருப்பதில்லை. ஆனால், பேரக் குழந்தை கோணல்மாணலாக வரைந்து, 'பாட்டிக்கு' என்றெழுதி அஞ்சலில் அனுப்பிய ஓர் அட்டையோ, திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ ஒரு வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றது. இந்த வேற்றுமையைப் பற்றியே இம்மாதம் சில கூற விரும்புகின்றோம்.

நாம் குடிவந்து வாழும் வங்க நாடு இதற்கு நல்லாசிரியர். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை வளர்த்த ஓவியர் நந்தலால் போஸ் (1882–1966), 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டிற்குச் சித்திரங்கள் தீட்டியவர். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை மாணவர்களோடு சேர்ந்து அணிசெய்தவர். அத்தகைய பெரியார் சாதாரண அஞ்சலட்டையை அற்பமாக எண்ணினாரில்லை. நண்பர்க்கும் மாணவர்க்கும் அட்டைகளில் சிறு சித்திரம் வரைந்து அனுப்புவது அவரது வாழ்நாள் வழக்கமாக இருந்தது. கண்ணெதிரே கண்ட மரமும் விலங்கும் மனிதருமே அவற்றின் பொருள்.

அவரிடம் 1940-இல் மாணவராகச் சென்றவர் சத்யஜித் ராய். பின்னர்க் கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக அமர்ந்து, சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டையும் படமும் வரைந்தார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்பிற்குப் படம் தீட்டும் வேளையிலேதான், அக்கதையைத் திரைப்படமாக எடுக்கலாம் என்ற எண்ணம் அவருள் முளைத்தது. 1955-இல் அப்படம் வெளிவந்தது, உலகம் வியந்தது. சிறு படத்திலிருந்தே பெரும் படம் பிறந்தது!

நேரிற் கண்டதும் கேட்டதும் மனத்தில் எவ்வளவு காலம் வேரோடியிருக்கும் என்பதற்கும் அவரே சான்று. நம் தமிழகத்து நாட்டியச் செல்வி பாலசரஸ்வதி 1930-களில் கல்கத்தாவில் ஆடியபோது கண்டு களித்த சிறுவருள் ராயும் ஒருவர். அவரே 1976-இல் அவ்வம்மையாரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். ஒரு மாலை கண்ட ஆட்டம் நாற்பதாண்டு உள்ளத்தில் உறைந்திருந்தது!

நம் மொழியிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1950-இல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, கதைக்காகக் காத்திருந்த அளவு மணியத்தின் படங்களுக்காகவும் மக்கள் காத்திருந்தனர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு தீட்டிய சித்திரங்களில் நாதசுரத்தின் ஒலியையே கேட்டவர் உண்டு. இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்துத் தைத்துக் கட்டிக் காத்த இல்லங்கள் பல. அக்கட்டுக்களைப் புரட்டியே தமிழ் படிக்கக் கற்ற பிள்ளைகளும் பலர்.

இங்கேதான் நம் கவலையும் இருக்கின்றது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றனர்; தெருவில் வங்காளம் பேசுகின்றனர்; வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் எழுதுவோர் எத்தனை பேர்? பாட்டியின் கடிதத்தைப் பிறர் படித்துக் காட்ட வேண்டிய நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. எழுத்துப் பாடம் என்றால் ஓடி ஒளியும் குழந்தை, தான் வரைந்த படத்தின் கீழ் நான்கு சொல் எழுதச் சொன்னால் அமர்ந்து எழுதுகின்றது. 'ழ'கரம் சுழியாமல் நின்றாலும் பாதகமில்லை. தன் கையெழுத்தைப் பாட்டி படிப்பாள் என்ற ஆசையே அதற்கு ஆசான்.

ஆதலின் அன்பர்களே, வரும் பொங்கலுக்கு ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தை ஒன்றுக்கு அட்டை ஒன்று எனச் செய்வோமாக. தடித்த தாளை இரண்டாக மடித்தால் போதும். பானையும் கரும்பும்தான் வரைய வேண்டுமென்பதில்லை. லேக் மார்க்கெட்டில் மாலை தொடுப்பவர், ஹௌரா பாலம், கங்கையில் செல்லும் படகு, இலட்சுமி பூஜைக்கு அண்டை வீட்டார் இட்ட ஆல்பனா, நம் வாசற் கோலம் — எதுவும் ஆகும். ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு அவை புதுமை. நமக்கோ அன்றாடக் காட்சி. பெரியவர்கள் திருத்தி அழகாக்க முற்படாதிருத்தல் நலம். பிள்ளையின் கோடு பிள்ளையின் கோடாகவே இருக்கட்டும்.

பொங்கலை அடுத்து, 1952 முதல் நடந்துவரும் டோவர் லேன் இசை மாநாடும் வரும். இரவு முழுதும் அமர இயலாவிடினும், ஒரு கச்சேரிக்கேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். சித்தாரின் நீண்ட கழுத்தோ, தபலாவின்மேல் பறக்கும் விரல்களோ அதில் இடம்பெறலாம். அடுத்த ஆண்டின் அட்டைக்கு அன்றே படம் கிடைத்துவிடும்.

அட்டை ஊர் போய்ச் சேர ஒரு வாரமேனும் ஆகலாம். எனவே இன்றே தொடங்குதல் நன்று.