இடம் கொடுத்தால் போதுமா?

கல்லூரி வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நம்மிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 100க்கு 5 இடங்களேனும் ஒதுக்கச் சொல்கிறது. நல்லது. வாசலைத் தாண்டிய பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைப்பது என்ன?

“இதோ பாருங்கள், இது இங்கே வந்து இதனுடன் சேர்கிறது” என்று பேராசிரியர் கரும்பலகையில் கோடு இழுக்கிறார். பார்வையற்ற மாணவருக்கு எது எங்கே சேர்ந்தது? பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் பேசினால், உதட்டசைவைக் கண்டு பாடம் கேட்கும் மாணவிக்கு அந்த மணிநேரம் வீண். குறிப்புகளையோ புகைப்படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தைப் படித்துக்காட்டும் கணினிக்கு அது வெறும் படம். இவற்றைச் சீர்செய்யப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் போதும். மாணவரைப் பார்த்துப் பேசினால் போதும். இந்தச் சிறு சிரமத்தையும் ஏற்காதவர் தம்மைக் கண்டிப்பான ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை!

தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை அமர்த்துவதும், மணிக்கு 20 நிமிடம் கூட்டித் தருவதும் சலுகை என முணுமுணுப்போர் உளர். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார் என்பவரின் வழக்கில், 40 விழுக்காடு என்ற அளவுக்குள் அடங்காதவர்க்கும் அவ்வுதவி உரிமையே என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை.

கொட்டிவாக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பயிற்சிக்கு, 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005இல் தோன்றிய தேசிய நிறுவனமும் இருக்கிறது. அங்கெல்லாம் பேணி வளர்த்த பிள்ளை, பட்டப்படிப்புக்குச் சக்கர நாற்காலியில் புறப்படும்போது படிக்கட்டு மறிக்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்தச் சட்டம் தந்த ஐந்தாண்டுத் தவணை 2022லேயே முடிந்துபோனது.

நம் வீடுகளையும் விட்டுவிடலாகாது. கல்விக் கட்டணத்துக்கு ஸக்காத் நிதியை அள்ளித் தரும் பெரியவர்கள், “சாய்தளம் எங்கே?” என்று கல்லூரியில் கேட்கக் கூசுவது ஏன்? ஸதகா கொடுக்க இனிக்கிறது. ஹக்கைக் கேட்கக் கசக்கிறது. “வீட்டோடு இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா?” என்னும் பாசமும் அந்தப் படிக்கட்டுக்குத் தம்பிதான்.

சிறுவயதிலேயே கண்ணிழந்த தாஹா ஹுஸைன் 1914இல் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார், பேராசிரியரானார், 1950இல் எகிப்தின் கல்வியமைச்சரும் ஆனார். நம் பார்வையற்ற பட்டதாரிகளோ வேலை கேட்டுச் சென்னைத் தெருவில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அரசுப் பணியில் 100க்கு 4 இடம் என்று அதே சட்டம் சொல்லியும் இந்த நிலை!

அடுத்த சேர்க்கைக் காலத்தில், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் அதே வாயால், ஆய்வுக்கூடம் எந்த மாடியில், பாடக்குறிப்பு எந்த வடிவில், ஆசிரியர்களுள் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்றும் கேட்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம்.